ஆலயச் சுவருக்கு வெளியே ஒரு சிறு பெட்டி: ஜியோகேஷிங் பற்றிப் புதியவர்களுக்கு

யாரோ ஒருவர் ஒளித்துவைத்த சிறு பெட்டியை, அவர் இணையத்தில் வெளியிட்டுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின் துணையோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் வெளிப்புற விளையாட்டே ஜியோகேஷிங். பெட்டிக்குள் மிகக் குறைந்தது ஒரு பதிவுத்தாளாவது இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தம் விளையாட்டுப் பெயரையும் தேதியையும் எழுதி, பெட்டியை எடுத்த இடத்திலேயே, இருந்த விதமாகவே மறுபடி வைத்துவிட்டு, பிறகு இணையத்திலும் அதைப் பதிவு செய்வார். பரிசு கிடையாது, நடுவரும் கிடையாது. உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன. இங்கிலாந்தில் இந்த விளையாட்டு அந்நாட்டின் பழைய கிராமக் கிறிஸ்தவ ஆலயங்களோடு தனி உறவு கொண்டிருப்பதால், விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை அப்படி ஓர் ஆலயத்தின் அருகில் நின்று விளக்குவதே எளிது என்று நினைக்கிறேன்.

விளையாட்டு பிறந்த நாளைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியும். அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞையில் அதுவரை வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு வரலாம். 2000 மே 1 அன்று அதிபர் கிளின்டன் இந்தப் பிழையை நீக்க உத்தரவிட்டார். ஒரே இரவில் கருவிகளின் துல்லியம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. அதைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் அல்மர் என்பவர், மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். சில நாள்களிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது அதையும் அதன் செயலியையும்தான்.

ஆனால் ஒளித்துவைத்துத் தேடும் பழக்கம் இங்கிலாந்துக்குப் புதிதன்று. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, டார்ட்மூர் புல்வெளிகளின் நடுவே எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் குளத்தருகில் ஒரு புட்டியை வைத்தார். அங்கு வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதிலிருந்து கிளைத்த ‘லெட்டர்பாக்ஸிங்’ அந்தப் பகுதியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜிபிஎஸ் வந்தபோது இங்கிலாந்துக்காரர்களுக்குக் கருவிதான் புதிதே தவிர ஆசை பழையது என்று சொல்லலாம்.

சரி, ஆலயம் எதற்கு? இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும் ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். கிராமத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரியும். நூற்றாண்டுகளாக மக்கள் ஆலயத்துக்கு நடந்து வந்த ஒற்றையடிப் பாதைகள் பல, இன்றும் பொதுமக்கள் நடப்பதற்குச் சட்ட உரிமை உள்ள வழிகளாக, தனியார் வயல்களின் ஊடாகவே செல்கின்றன. நடந்து போக வழி, தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம், சொல்வதற்கு ஒரு கதை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டதால் பெட்டி வைப்பவருக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது. ‘சர்ச் மைக்ரோ’ என்ற பெயரில் பிரிட்டனில் ஒரு தொடரே ஓடுகிறது. ஓர் ஆலயத்தின் அருகே யார் வேண்டுமானாலும் சிறு பெட்டி ஒன்றை வைத்து, அடுத்த வரிசை எண்ணைப் பெற்று அதில் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்தவை பல ஆயிரம். பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அஞ்சல் பெட்டியும் ஒரே பார்வையில் தெரியும் இடங்களுக்கென்று இன்னொரு தொடர் இருக்கிறது. கிராமங்களில் இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்தே அமையும் என்பதால் ஒரே நடையில் இரண்டு கிடைப்பதும் உண்டு.

இப்போது ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். டெர்பிஷையர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் ஈம் என்ற கிராமம் இருக்கிறது. 1665 ஆகஸ்ட் இறுதியில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிப் பொதியோடு கொள்ளைநோய் இங்கு நுழைந்ததாகக் கூறப்படுகிறது. நோய் அக்கம்பக்கத்துக்குப் பரவாமல் இருக்க, ஊரைவிட்டு ஒருவரும் வெளியேறுவதில்லை என்ற முடிவுக்கு 1666ஆம் ஆண்டு கோடையில் ஊரார் வந்தார்கள். அவர்களை இணங்க வைத்தவர்கள் குருவானவர் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும். நோய் அடங்கியபோது, மரபாகச் சொல்லப்படும் கணக்கின்படி 260 பேர் இறந்திருந்தார்கள். மொம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர். அவருடைய கல்லறை புனித லாரன்ஸ் ஆலயத்தின் வளாகத்தில் உள்ளது. அதே வளாகத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை நிற்கிறது. ஒரு காலத்தில் புல்வெளி வண்டிப்பாதையோரம் நின்ற அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தண்டில் ஒரு பகுதி காணாமல் போனதைத் தவிர ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது. ஆலயத்தின் வெளிச்சுவரில் 1775 என்று ஆண்டு பொறித்த ஒரு பெரிய சூரியக் கடிகாரமும் உண்டு.

தேடுவதற்கு முன் பெட்டிக்கான இணையப் பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ‘ஜிசி’ என்று தொடங்கும் குறியீடு, வகை, அளவு, இரண்டு மதிப்பெண்கள் ஆகியவை தரப்பட்டிருக்கும். மதிப்பெண்களில் ஒன்று கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதையும், மற்றது அங்கு போய்ச் சேரும் தரை எவ்வளவு கடினம் என்பதையும் சொல்லும்; இரண்டுமே ஒன்றிலிருந்து ஐந்து வரை. புதியவர்கள் இரண்டிலும் ஒன்றரைக்கு மேற்படாத பெட்டிகளிலிருந்து தொடங்குவது நல்லது. அளவில் ‘மைக்ரோ’ என்றால் 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. ‘ஸ்மால்’ ஒரு லிட்டர் வரை, ‘ரெகுலர்’ அதற்கு மேல் இருபது லிட்டர் வரை. ஆலயத்தருகே இருப்பவை பெரும்பாலும் மைக்ரோதான். பரிசுப் பொருள் எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது.

எண்களில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பெட்டியின் இடம் பாகையிலும் (டிகிரி), தசமப் புள்ளியோடு கூடிய கலையிலும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) தரப்படும். எடுத்துக்காட்டாக ஈம் ஆலயத்தின் இடம், ஏறத்தாழ வடக்கு 53° 17.05′, மேற்கு 1° 40.5′ என்று வரும். இதில் 17.05 என்பது அறுபதில் 17.05, நூறில் அன்று. அதைக் கவனிக்காமல் வரைபடச் செயலியில் 53.1705 என்று தட்டினால், ஆலயத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே எங்கோ போய் நிற்போம். இரண்டாவது பொறி திசை. கிரீன்விச்சுக்குக் கிழக்கே வாழ்ந்து பழகியவர்கள் தீர்க்கரேகை என்றாலே கிழக்கு என்று எண்ணிவிடுவது இயல்பு. இங்கிலாந்தின் பெரும்பகுதி கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. மேற்கைக் கிழக்கென்று தட்டினால் ஈம் கிராமம் வட கடலுக்குள் போய்விடும். மூன்று தசம இடங்கள் வரை எண்கள் தரப்படுவதற்கும் காரணம் உண்டு: ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு, வடக்கு–தெற்காக 1.85 மீட்டர், அந்த அட்சரேகையில் கிழக்கு–மேற்காக ஏறத்தாழ 1.1 மீட்டர்.

பெட்டிகளில் மிக எளிய வகை ‘டிரெடிஷனல்’. கொடுத்த எண்களிலேயே பெட்டி இருக்கும். ஆலயங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது ‘மல்டி’ என்ற வகை என்பது என் கருத்து. அதில் முதல் எண்கள் ஆலய வாசலுக்கு அழைத்துச் செல்லும். அங்கே கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டிய ஏதோ ஒன்றிலிருந்து இரண்டாவது இடத்தின் எண்களைக் கணக்கிட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இதை நம்பி யாரும் அங்கே போய்த் தேட வேண்டாம். சூரியக் கடிகாரத்தின் ஆண்டிலுள்ள நான்கு இலக்கங்களையும் முறையே அ, ஆ, இ, ஈ என்று கொண்டால், பெட்டி இருக்குமிடம் வடக்கு 53° 17.0அஆ, மேற்கு 1° 40.3இஈ என்று பக்கம் சொல்கிறது. 1775 என்று படித்தவருக்கு வடக்கு 53° 17.017, மேற்கு 1° 40.375 என்ற விடை கிடைக்கும். அதாவது பெட்டி ஆலய வளாகத்துக்கு வெளியே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வந்தவர் ஆலயத்தைப் பார்க்கிறார், சுவரை அண்ணாந்து பார்த்துப் படிக்கிறார்; ஆனால் வளாகத்துக்குள் எதையும் தொடவில்லை. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இனிதான் உண்மையான தேடல். திறந்த வானத்தின் கீழ் ஒரு கைப்பேசியின் ஜிபிஎஸ் பிழை சாதாரணமாக ஐந்து மீட்டர் அளவில் இருக்கும். பெட்டியை வைத்தவரின் கருவிக்கும் அதே அளவு பிழை இருந்திருக்கலாம். கல் கோபுரத்தின் அருகில் சமிக்ஞை சுவரில் பட்டு எதிரொலித்து வருவதாலும், ஆலயங்களின் அருகே வழக்கமாகக் காணப்படும் யூ மரங்களின் அடர்ந்த தழை அதை மறைப்பதாலும் அம்புக்குறி நிலைகொள்ளாமல் சுற்றும். ஆகவே எண்கள் ‘வந்து சேர்ந்தாயிற்று’ என்று சொன்ன பிறகும் பத்து மீட்டர் வட்டம் ஒன்று மிச்சமிருக்கும். அந்த வட்டத்துக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பது வீண். அதைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டிய நேரம் அது.

அப்போது புதியவர் கேட்கும் கேள்வி, ‘எங்கெல்லாம் தேடலாம்?’ என்பது. பழகியவரோ எங்கே தேடக்கூடாது என்பதிலிருந்து தொடங்குவார். விளையாட்டின் பொது விதிப்படி எந்தப் பெட்டியையும் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. எனவே மண்ணைக் கிளறுவது தேவையே இல்லை. எங்கும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆலய வளாகம் என்றால் குருவானவரோ ஆலய நிர்வாகக் குழுவோ சம்மதம் தந்திருக்க வேண்டும். அந்தச் சம்மதம் கேட்பது பெரிய வேலை என்பதாலேயே பலர் பெட்டியை வளாகச் சுவருக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். ‘சர்ச் மைக்ரோ’ தொடரிலும் பெட்டி ஆலயத்துக்கு அருகில் இருந்தால் போதும். உள்ளே இருக்க வேண்டியதில்லை. கல்லறைகளிலும் கல்லறைக் கற்களிலும் பெட்டி வைப்பதைப் பொறுப்புள்ள எவரும் செய்வதில்லை. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய பழைய சுவர்கள் இங்கிலாந்தின் வடபகுதியெங்கும் உண்டு. தேடுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல்லை இழுத்துப் பார்த்தால் சுவர் நிற்காது என்பதால், நல்ல பெட்டிக்காரர்கள் அவற்றையும் தவிர்த்துவிடுவார்கள்.

இத்தனையையும் கழித்தபின் அந்தப் பத்து மீட்டர் வட்டத்தில் மிஞ்சுவது என்ன? பாதைக்கான வழிகாட்டிக் கம்பம், மர இருக்கையின் அடிப்பக்கம், வேலிப் படலின் கம்பி, முட்புதரின் அடித்தண்டு, சாலைப் பலகையின் பின்புறம் என்று நான்கைந்து இடங்கள்தாம். எனவே, கண்ணியம் கருதி ஒதுங்கி நிற்பவரே விரைவில் கண்டுபிடிக்கவும் செய்கிறார். எதையும் புரட்டிப் பார்க்கத் துணிந்தவர் ஒரு மணி நேரம் கல்லறைகளுக்கிடையே சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பும் மறைத்துத் தரப்பட்டிருக்கும். ஆங்கில நெடுங்கணக்கில் ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிய எளிய மறைமொழி அது. செயலியில் ஒரு தட்டு தட்டினால் அவிழ்ந்துவிடும். ‘காந்தம்’ என்று ஒரே சொல் வந்தால், இரும்பு இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பெட்டி என்ற சொல்லைக் கேட்டு மூடிவைத்த மரப்பெட்டி ஒன்றை யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆலயத்தருகே கைக்கு வருவது, பெரும்பாலும் பழைய 35 மில்லிமீட்டர் புகைப்படச் சுருளை வைத்து விற்ற கறுப்புப் பிளாஸ்டிக் குப்பியாகவோ, சாவிக்கொத்தில் மாட்டும் திருகு மூடி போட்ட சிறு உலோகக் குழாயாகவோ இருக்கும். இன்னும் சிறியது, சட்டைப் பொத்தான் அளவிலான காந்தக் குமிழ். அதன் மூடியைத் திருகினால், பீடியின் பருமன்கூட இல்லாமல் இறுகச் சுருட்டிய காகித நாடா ஒன்று இருக்கும். நகத்தால் இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் சிலர் அதற்கென்றே புருவம் திருத்தும் சிறு இடுக்கியைக் கொண்டு போகிறார்கள். நாடாவை விரித்தால் நுண்ணிய கையெழுத்தில் பெயர்களும் தேதிகளும் வரிசையாக ஓடும். நம் பெயரையும் அந்த வரிசையின் முடிவில் எழுதிவிட்டு, முன்பைவிட இறுக்கமாகச் சுருட்டினால்தான் மூடி பொருந்தும். பெட்டிக்குள் பேனா இருக்காது, கொண்டுபோக வேண்டும். பென்சில் இன்னும் நல்லது, ஏனெனில் அந்நாட்டு மழையில் நாடா ஈரமாகாமல் இருப்பது அரிது. ஈரத்தாளில் பேனா எழுதாது.

இந்த விளையாட்டை அறியாத பொதுமக்களை விளையாடுபவர்கள் ‘மகிள்’ என்கிறார்கள். நாயோடு நடக்க வருபவர், கல்லறைக்கு மலர் கொண்டு வருபவர், ஆலயத்தில் புல் வெட்டுபவர் எல்லாரும் இதில் அடக்கம். அவர்கள் கண்ணில் படாமல் பெட்டியை எடுத்து வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் ஓர் அங்கம். அறியாதவர் கையில் கிடைத்தால் பெட்டி குப்பைக்குப் போய்விடும். ஆனால் இந்த ரகசியத்தை மிகைப்படுத்துவது ஆபத்து. 2011 ஜூலையில் யார்க்‌ஷையரின் வெதர்பி நகரில், தெருவில் ஒருவர் ஏதோ ஒரு பொருளோடு சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்டதாக உணவகத்துக்காரர் காவல்துறைக்குச் சொல்ல, சுற்றுப்புறத்தைக் காலி செய்து, ராணுவ வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து அந்தப் பொருளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது ஜியோகேஷிங் பெட்டி. பெட்டியின் மேல் அது என்னவென்று எழுதி ஒட்டுவதும், உள்ளிருப்பது தெரியும்படியான டப்பாவைப் பயன்படுத்துவதும் ஏன் வலியுறுத்தப்படுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். தேடும்போது யாராவது வந்து கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதே மேல். ஆலய வளாகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துக்கத்தோடு வந்திருக்கும் ஒருவர், தம் வீட்டார் கல்லறையருகே அந்நியர் ஒருவர் குனிந்து துழாவுவதைக் காணும்படி வைப்பது எந்த விளையாட்டுக்காகவும் தகாது. ஆராதனை, திருமணம், அடக்கம் எது நடந்தாலும் அன்று திரும்பிவிட வேண்டியதுதான்.

ஈம் போன்ற ஊரில் இந்தக் கவனம் வளாகச் சுவரோடு முடிந்துவிடுவதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தவர்களில் பலரை, கேத்தரினைப் போல் ஆலய வளாகத்துக்குக் கொண்டுவராமல், அந்தந்தக் குடும்பத்தாரே தங்கள் நிலத்தில் புதைத்தார்கள். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாள்களில் இழந்து, அவர்களை ஊருக்கு வெளியே வயலில் அடக்கம் செய்தார். ரைலி கல்லறைகள் என்று அழைக்கப்படும் அந்த இடம், இன்று வட்டமான ஒரு கற்சுவருக்குள் இருக்கிறது. வரைபடத்தில் வெறும் பச்சை நிற வயலாகத் தெரியும் இடமும் அங்கே கல்லறையாக இருக்கலாம். ஊரின் எல்லையில், பக்கத்துக் கிராமமான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகும் பாதையோரம் குழிகள் குடைந்த ஒரு கல் கிடக்கிறது. வெளியூரார் கொண்டுவந்து வைத்த உணவுக்கான காசை, தொற்று நீங்குவதற்காகக் காடியில் நனைத்து அந்தக் குழிகளில் ஈம் மக்கள் வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஜியோகேஷிங் பழகிய கண்ணுக்கு, ஒரு காந்தக் குமிழை ஒளித்துவைக்க அதைவிடப் பொருத்தமான குழி கிடைக்காது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அங்கே ஒரு பெட்டி வந்துவிட்டால், ஆண்டு முழுவதும் பல நூறு விரல்கள் அந்தக் குழிகளைத் துழாவும். ஆகவே அதன் அருகே நிற்க வைத்து, குழிகளை எண்ணச் சொல்லி, விடையைக் கொண்டு வேறெங்கோ அனுப்புவதே முறை. சாக்சன் சிலுவையைப் போல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொல்சின்னங்களுக்கும் இதே வழிதான்.

கண்டுபிடித்த பிறகு இணையத்தில் இரண்டு வரியாவது எழுத வேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடக் கூடாது. கிடைக்கவில்லையென்றால் அதையும் பதிவு செய்ய வேண்டும். புதியவர்கள் இதை வெட்கமாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். தொடர்ச்சியாக மூன்று நான்கு பேர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதினால்தான், பெட்டி காணாமல் போயிருக்கலாம் என்று உரிமையாளருக்குத் தெரியும், அவர் வந்து பார்ப்பார். கிளம்புமுன் கடைசிப் பத்துப் பதிவுகளைப் படித்துக்கொள்வதும், கிராமப் பள்ளத்தாக்குகளில் கைப்பேசித் தொடர்பு அறுந்துவிடும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

சொந்தமாக ஒரு பெட்டி வைக்கும் ஆசை எல்லாருக்கும் சில மாதங்களில் வந்துவிடும். மற்றொரு பெட்டியிலிருந்து 161 மீட்டருக்குள் அதை வைக்க முடியாது. வெளியாவதற்கு முன் தன்னார்வலரான ஒரு மதிப்பீட்டாளர், அது விதிகளுக்கு உட்பட்டதா, அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பார். ஆலயத்தருகே வைப்பதானால் குருவானவரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது. வாரநாளில் நால்வர் வந்து ஆலயத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று சொன்னால் பலர் மறுப்பதில்லை, பெட்டி வைக்க ஏற்ற இடத்தைக்கூட அவர்களே காட்டுவது உண்டு. அதன்பின் பதிவுத்தாள் நிறைந்துவிட்டால் மாற்றுவதும், மழையில் ஊறினால் உலர்ந்த தாள் வைப்பதும் வைத்தவரின் பொறுப்பு. அதனால் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தொலைவிலுள்ள ஆலயமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.